வெளிப்புறக் கேமராவுக்கு நெட்வொர்க் கேபிள்: தேர்வு செய்வதும் பொருத்துவதும்

பகல் முழுவதும் ஒழுங்காக இயங்கும் கேமரா, இருட்டியதும் நின்று நின்று மீண்டும் தொடங்குகிறது என்றால், கேமராவைக் கழற்றுவதற்கு முன்னால் அதற்குச் செல்லும் கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். இருள் வந்ததும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குவதால் கேமராவுக்குத் தேவையான மின்சாரம் கூடுகிறது. கேபிளின் மின்தடை அதிகமாக இருந்தால் போதிய வோல்டேஜ் மறுமுனைக்குப் போய்ச் சேராது. மழைக்குப் பின் படம் விட்டுவிட்டு வருவதும் பல நேரங்களில் கேபிளின் கோளாறுதான். இந்த இரண்டையும் தவிர்க்கும் வகையில், பிஓஇ முறையில் படமும் மின்சாரமும் ஒரே கேபிளில் செல்லும் அமைப்பை இங்கே விளக்குகிறேன். கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும் நெட்வொர்க் ஸ்விட்சையும் படத்தைப் பதிவு செய்யும் என்விஆரையும் தயார் செய்து, கேமராவை மேசைமேல் வைத்துச் சிறிய கேபிளால் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்தக் கேபிளை வாங்குவது

முதல் நிபந்தனை, உள்ளிருக்கும் கம்பி முழுச் செம்பாக இருக்க வேண்டும் என்பது. சிசிஏ என்ற பெயரில் விற்கப்படுவது செம்பு பூசிய அலுமினியக் கம்பி. அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் என்பதால், நீளம் கூடக்கூட அதில் வோல்டேஜ் இழப்பும் செம்பைவிட வேகமாகக் கூடும். திரும்பத் திரும்ப வளைத்தால் கம்பி எளிதில் முறிந்துவிடுவது அதன் இன்னொரு தொல்லை. நெட்வொர்க் கேபிள்களின் தரப் பிரிவுகளான கேட்5இ, கேட்6 ஆகியவற்றின் வரையறைகள் செம்புக் கம்பியையே கேட்கின்றன. ஆகவே சிசிஏ கேபிளின் மேலுறையில் கேட்6 என்று அச்சிட்டிருப்பதற்குப் பொருளில்லை. ஒரு கம்பியின் மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அந்தக் கேபிளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விளக்குகள் வரிசையாக எரியும் எளிய சோதனைக் கருவி இதைக் காட்டிக்கொடுக்காது.

வேகத்தைப் பொறுத்தவரை கேட்5இ போதும். பெரும்பாலான கேமராக்களின் இணைப்பே நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில்தான் இயங்குகிறது, படத்துக்குச் செலவாவதோ அதில் ஒரு சிறு பங்கு. இருந்தாலும் நான் 23 ஏடபிள்யூஜி (கம்பித் தடிமனின் அளவெண்) கம்பியுள்ள கேட்6 கேபிளையே விரும்புகிறேன். காரணம் வேகமன்று, கம்பியின் தடிமன். ஏடபிள்யூஜி எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும், மின்தடை குறையும். கேட்7, கேட்8 என்று கூடுதலாகச் செலவழிப்பதில் கேமராவுக்கு எந்தப் பயனும் இல்லை. நிலையாகப் பதிக்கும் கேபிளில் ஒவ்வொரு கம்பியும் ஒற்றைக் கம்பியாக இருக்க வேண்டும். மெல்லிய இழைகளை முறுக்கிய வகை, சிறிய இணைப்புக் கேபிள்களுக்கு உரியது.

மேலுறை கறுப்புப் பாலிஎத்திலீனாக இருக்கட்டும். அதில் கலந்திருக்கும் கரித்தூள் புற ஊதாக் கதிரைத் தாங்கும். வீட்டுக்குள் பயன்படுத்தும் பிவிசி மேலுறையோ வெயிலில் நாளடைவில் வெளிறி வெடிக்கும். மண்ணுக்குள் நேரடியாகப் புதைப்பதென்றால் மட்டும் ஜெல் நிரப்பிய வகையை வாங்குங்கள். கையெல்லாம் பிசுபிசுக்கும் அந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டே கிரிம்ப் செய்வது, அதாவது கம்பி முனைகளில் பிளக்கை அழுத்திப் பொருத்துவது, பொறுமையைச் சோதிக்கும் வேலை என்பதால், சுவர்மேல் செல்லும் கேபிளுக்கு அது வேண்டாம். உலோகத்தாள் சுற்றிய வகையையும் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. முறையாக நிலத்தொடர்பு கொடுக்காவிட்டால் அதன் பயனில் பெரும்பகுதி கிடைக்காது.

பாதை

ஸ்விட்சிலிருந்து கேமரா வரையிலான மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. வீட்டு மின்கம்பி செல்லும் குழாயில் இந்தக் கேபிளைச் சேர்த்து விடாதீர்கள். இரண்டும் அருகருகே செல்ல நேர்ந்தால் ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும், குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். 25 மி.மீ. குழாயில் நான்கு கேபிள்களுக்கு மேல் திணிக்க வேண்டாம். வளைவுகளில் கூர்மையான மூலைத் துண்டுகளுக்குப் பதிலாக நீண்ட வளைவுத் துண்டுகளைப் பயன்படுத்துங்கள். கேபிளின் விட்டத்தைப்போல் நான்கு மடங்குக்கும் குறைவான ஆரத்தில் அதை மடக்கக் கூடாது. இழுக்கும் விசை 110 நியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது ஏறத்தாழ 11 கிலோ எடையைத் தூக்கும் விசை. எங்காவது சிக்கினால் பலம் கொடுத்து இழுக்காமல் பின்னால் தள்ளி மீண்டும் முயலுங்கள்.

சுவரில் துளையிடும்போது உள்ளேயிருந்து வெளியே சற்றுச் சரிவாக இறங்கும்படி இடுங்கள். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்திலும் கேமராவுக்கு அருகிலும் அதைக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், மழைநீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிப் போய்விடும்.

கேமரா முனை

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த படி இதுதான். கேமராவோடு வரும் நீர்புகா மூடியின் பாகங்களை, பிளக்கைக் கிரிம்ப் செய்வதற்கு முன்பே கேபிளில் கோக்க வேண்டும்: முதலில் இறுக்கும் நட்டு, பிறகு ரப்பர் வளையம், அதன்பின் மூடியின் உடல், கடைசியாக பிளக். கேமராவின் துளைவாயில் இன்னொரு மெல்லிய ரப்பர் வளையம் உட்கார வேண்டும். பொட்டலத்தின் மூலையில் கிடக்கும் அதைத் தேடி எடுத்து மாட்டுங்கள். தடித்த வெளிப்புறக் கேபிள் ரப்பருக்குள் நுழையவில்லை என்று ரப்பரை அறுத்துவிட்டால் மூடி இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். பெரிய துளையுள்ள மூடியைத் தனியாக வாங்கிக்கொள்வதே மேல்.

கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கப்பட்டிருக்கும் எட்டுக் கம்பிகளின் வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனைகளிலும் இதே வரிசைதான். ஜோடி ஜோடியாக அடுக்கி, இரு முனையும் ஒன்றாக இருந்தால் போதாதா என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் எளிய சோதனைக் கருவியில் எட்டு விளக்குகளும் முறையாகவே எரியும். ஆனால் பிளக்கின் 3, 6 ஆகிய இடங்களில் நிற்பவை ஒரே முறுக்கில் இருக்க வேண்டிய கம்பிகள். அவை வெவ்வேறு முறுக்குகளுக்குப் பிரிந்துவிட்டால் ஒரு ஜோடியின் சமிக்ஞை மற்றொன்றில் கலந்து, நீளமான கேபிளில் படம் தடைபடும். பச்சை ஜோடி நீல ஜோடிக்கு இருபுறமும் பிரிந்து நிற்பதன் காரணம் அதுவே. முறுக்கைப் பிரிக்கும் நீளம் ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டலாம், அதற்கு மேல் கூடாது; மேலுறையும் பிளக்குக்குள் சென்று அதன் பிடியில் அகப்பட வேண்டும்.

கம்பி முனைகள் முன்புறமாக வெளியே வரும் பிளக் வகை புதியவர்களுக்கு எளிது என்றாலும், வெட்டிய செம்பு முனைகள் திறந்தே இருப்பதால் வெளிப்புறத்தில் நான் மூடிய வகையையே பயன்படுத்துகிறேன். 23 ஏடபிள்யூஜி கம்பிக்கு ஏற்ற பிளக்கா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

மூடியை இறுக்குவதற்கு முன் சோதித்துவிடுங்கள். அதன்பின், நீட்டினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடும்படி சுற்றினால், ஓடு வேய்ந்ததுபோல் தண்ணீர் வழிந்துவிடும். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை உருகி அவிழ்ந்துவிடும். பிஓஇ பயன்படுத்தும்போது சும்மா தொங்கும் 12 வோல்ட் முனையையும் இதேபோல் மூடுங்கள். தண்ணீர் அதன் வழியாகவும் உள்ளே போகும்.

பின்னர் சேர்த்தவை

வாசகர்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் அடிக்கடி வருகின்றன. கேபிள் நீளம் போதாதபோது நடுவில் கம்பிகளை முறுக்கி ஒட்டலாமா என்பது ஒன்று. கூடாது, நீர்புகாப் பெட்டிக்குள் இணைப்பான் வைத்துச் சேர்க்கலாம், முடிந்தால் முழுக் கேபிளையே புதிதாக இழுப்பது நல்லது. கேபிளில் மின்சாரத்தைச் சேர்க்கும் கருவியான மலிவான பிஓஇ இன்ஜெக்டர் பற்றியது மற்றொன்று. 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரத்திலான ஸ்விட்ச், எதிரே இருக்கும் கருவி மின்சாரம் ஏற்கக்கூடியதா என்று அறிந்த பிறகே மின்சாரம் அனுப்பும். பேஸிவ் வகை இன்ஜெக்டர் எதையும் கேட்காமல் வோல்டேஜை அனுப்பிவிடும் என்பதால் கேமராவே கருகக்கூடும்.

802.3ஏஎஃப் தரத்தில் ஸ்விட்சின் முனையில் 15.4 வாட் கிடைத்தாலும், கேபிளில் ஏற்படும் இழப்பைக் கழித்துக் கேமராவுக்கு 12.95 வாட்தான் உறுதி. சுழலும் கேமராக்களுக்குப் பெரும்பாலும் அது போதாது, கூடுதல் வாட் தரும் 802.3ஏடி ஸ்விட்ச் தேவைப்படும். எதுவாயினும், கேமராவின் அமைப்பில் இரவு நிலையைக் கட்டாயமாக இயக்கி, விளக்குகள் எரியும் நிலையிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகு குழாய்களின் மூடிகளை மூடுங்கள்.