ஆட்டப் பலகையைச் சுற்றி அமர்ந்து விசுவாசத்தைப் பகிர்தல்: செட்டிநாட்டுக் கிறிஸ்தவர்களுக்குச் சில வழிமுறைகள்

செட்டிநாட்டில் நகரத்தார் குடும்பம் ஒவ்வொன்றும் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சார்ந்தது. மற்றச் சமூகத்தாருக்கும் குலதெய்வ வழிபாடும் ஊர்த் திருவிழாவும் வாழ்க்கையோடு கலந்தவை. இத்தகைய ஊரில் வாசலில் நின்று கைப்பிரதி நீட்டுவதைவிட, பல நாள் சேர்ந்து உட்கார்ந்து பழகிய பிறகு ஒருவர் தாமாகக் கேட்கும் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து. பேதுருவின் முதலாம் நிருபம் 3:15 சொல்வதும் இதுதான்: நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருக்க வேண்டும். அப்படி விசாரிக்கும் அளவுக்குப் பழக்கம் வளர, விளையாட்டும் கைவேலையும் நல்ல இடம் தருகின்றன.

முதலில் செய்ய வேண்டியது, கூடுகையை நடத்துவது யார் என்பதை மறைக்காமல் சொல்வது. சபையாரோ பங்கு இளைஞர்களோ நடத்துவதாக இருந்தால் அழைக்கும்போதே அதைத் தெரிவித்துவிட வேண்டும். ஆட்டம் தூண்டிலில் மாட்டிய புழுவாகிவிட்டால் வந்தவர் மறுமுறை வரமாட்டார். வராமல் இருப்பதே நியாயமும்கூட. பரிசுப் பொருள், பணம், படிப்புச் செலவுக்கு உதவி என எதையும் இதனோடு சேர்க்கக் கூடாது. சிறுவர்கள் வருவதானால் பெற்றோரிடம் நேரில் சென்று அனுமதி கேட்பதோடு, விரும்பினால் அவர்களும் உடன் இருக்கலாம் என்று சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு ஒருவர் தம் சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஆனால் அது பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, அடுத்த வீட்டுக்காரரின் மனச்சாட்சியை மதிப்பது விசுவாசத்தின் பகுதியே.

எந்த ஆட்டம் என்பதற்கு விலை உயர்ந்த வெளிநாட்டுப் பெட்டிகளைத் தேட வேண்டியதில்லை. இளைஞர்களுக்குக் கேரம் போதும். ஸ்ட்ரைக்கர் இரண்டு கோடுகளையும் தொடாமல் வைத்து அடித்துவிட்டதை எதிராளி கவனிக்காதபோதும், அதைத் தானே சொல்லிவிடுகிற ஒருவரைப் பற்றி மற்றவர்கள் மனத்தில் ஓர் எண்ணம் உருவாகிறது; வேதத்தைப் பற்றி அவர் பின்னால் பேசும்போது அந்த எண்ணம்தான் துணை நிற்கும். தோற்றவுடன் முகம் மாறுகிறவரும் இளையவர்களை அதட்டுகிறவரும் எவ்வளவு வசனம் தெரிந்தவரானாலும், அவரைக் கூடுகையின் பொறுப்பில் வைக்காதீர்கள்.

பெரியவர்களிடம் பல்லாங்குழியோடும் தாயக்கட்டையோடும் செல்லலாம். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார் இங்கே பலர் உண்டு. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப் போகாமல், "ஆச்சி, உங்க வீட்டுல இத எப்படி ஆடுவீக? எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று கற்றுக்கொள்ளப் போவதே முறை. காசு வைத்து ஆடுவதில்லை என்பதை மட்டும் முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். சீட்டுக்கட்டு என்றாலே சூதாட்டம் என நினைக்கும் வீடுகள் சபைக்கு உள்ளேயும் வெளியேயும் இருப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஆட்டத்துக்கும் வேதத்துக்கும் வலிந்து ஒப்புமை தேட வேண்டாம். ஒப்புமை இல்லாத இடமே சில வேளை நல்ல பேச்சுக்கு இடம் தருகிறது. ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் உண்டு; ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து முடித்த பிறகுதான் அவற்றை நகர்த்த முடியும். ஓர் ஆட்டை வேண்டுமென்றே வெட்டக் கொடுத்து, தாண்டி வரும் புலியை மற்ற ஆடுகளால் அடைப்பதே தேர்ந்த ஆட்டக்காரரின் திறமை. லூக்கா 15ஆம் அதிகாரத்து மேய்ப்பனோ தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிப் போகிறான். கணக்குத் தெரிந்த ஆட்டக்காரர் அதை மோசமான நகர்த்தல் என்பார். எதிரே இருப்பவர் உங்கள் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அடுத்த ஆட்டைக் கவனமாக வையுங்கள்.

பரமபதம் இன்னும் நுட்பமானது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடுகிறவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்கு அன்று. அதன் கட்டங்களை அழித்துவிட்டு வேதாகமப் பெயர்களை எழுதிக் கொண்டுபோவது அழகல்ல. மாறாக, ஒவ்வொரு ஏணியும் பாம்பும் எதைக் குறிக்கிறது என்று அவர்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிறகு அவர்கள் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்டால், மீட்பு கிரியைகளினால் அல்ல, கிருபையினால் என்று எபேசியர் 2:8, 9 சொல்வதை விளக்கலாம். அருளைப் பற்றிப் பேசுவது நாம் மட்டுமே என்ற தோரணை வேண்டாம். வைணவத்தின் சரணாகதி மரபு அதைப் பற்றி ஆழமாகச் சிந்தித்திருக்கிறது என்பதை அறிந்து பேசுகிறவருக்குத்தான் மரியாதை கிடைக்கும்.

கைவேலைகளில் இந்த மண்ணுக்கு மிக உரியது கொட்டான் முடைதல். பனையின் குருத்தோலையை ஒரே அகலத்தில் கிழித்து, சாயம் தோய்த்து, ஓரத்தில் மணியும் நூலும் கோத்து அழகுபடுத்தும் இந்தக் கூடைகள் நகரத்தார் விசேஷங்களில் இடம்பெறுகின்றன. தெரிந்த ஒருவரிடம் முறையாகக் கற்று, அவர் நேரத்துக்கு உரிய கூலியையும் கொடுங்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் செய்தார் என்று அப்போஸ்தலர் 18ஆம் அதிகாரம் கூறுகிறது. ஒரே தொழிலைச் செய்கிறவர்களுக்கு நடுவே பேச்சு தானாக வளரும். குருத்தோலை ஞாயிறு நெருங்கும்போது நாம் ஓலையைச் சிலுவையாக மடிப்பதைப் பார்த்து, முடையத் தெரிந்தவர் ஏன் என்று கேட்காமல் இருப்பது அரிது. அப்போது இயேசு எருசலேமுக்குள் வந்த நாளையும், அந்த வாரத்திலேயே அவருக்கு நேர்ந்ததையும் சுருக்கமாகச் சொல்லலாம். அதே ஓலைகளை உலர்த்தி எரித்த சாம்பலையே மறு ஆண்டு சாம்பல் புதனன்று கத்தோலிக்கர் நெற்றியில் பூசிக்கொள்கிறார்கள் என்பதும் அவர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது ஊர்த் திருவிழாவையும் விரத நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிற்றுண்டி எப்போதும் சைவமாக, சீடையோ தேன்குழலோ இருந்தால் எல்லாருக்கும் ஆகும். இறுதியில் செபம் செய்ய விரும்பினால், வந்தவர்களை விடைகொடுத்து அனுப்பிய பின் செய்யுங்கள். நடுவில் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் கண்மூடச் சொல்வது, அழைக்கும்போது சொல்லாத ஒன்றைத் திணிப்பதாகும்.

யாராவது மேலும் அறிய விரும்பினால் அதற்கென வேறு நாளையும் வேறு இடத்தையும் அவரே குறிக்கட்டும். விளையாட மட்டுமே வருகிறவருக்கு, அவர் எத்தனை ஆண்டுகள் வந்தாலும், அதே வரவேற்பும் அதே இருக்கையும் இருக்க வேண்டும்.