குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் அட்டாக் வந்தது? எழுதிப் பார்த்துச் சோதித்துக்கொள்ளும் முறை

"எங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஹார்ட் பிரச்சினை இருக்கு" என்று மட்டும் சொன்னால் மருத்துவரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. 78 வயதில் வந்த அட்டாக் வேறு, 41 வயதில் வந்த அட்டாக் வேறு. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்கு முன்பு வந்திருந்தால் அதைப் பரம்பரை ஆபத்தாகக் கணக்கில் எடுப்பார்கள். ஆகவே முதல் வேலை, வயதைக் கண்டுபிடிப்பது.

ஒரு முழுத்தாளில் மூன்று தலைமுறையை எழுதுங்கள்: நீங்களும் உடன்பிறந்தவர்களும், பெற்றோரும் அவர்களின் உடன்பிறந்தவர்களும், தாத்தா பாட்டி நால்வர். ஒவ்வொருவருக்கும் என்ன வந்தது (அட்டாக், ஸ்டென்ட், பைபாஸ், பக்கவாதம், திடீர் மரணம்), எந்த வயதில் வந்தது, சுகர், பிரஷர் இருந்ததா, பீடி, சிகரெட், புகையிலை உண்டா என்று குறியுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். 45 வயதில் அட்டாக் வந்த சித்தப்பா தினம் இரண்டு கட்டு பீடி குடித்தவர் என்றால் காரணத்தில் பெரும்பங்கு பீடிக்கு. எந்தப் பழக்கமும் சுகரும் இல்லாத அத்தைக்கு 48-ல் வந்திருந்தால் சந்தேகம் மரபணுப் பக்கம் திரும்ப வேண்டும்.

பெரியவர்களிடம் "எத்தனை வயசு?" என்று கேட்டால் "அறுபது இருக்கும்" என்றுதான் பதில் வரும். "அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? பெரியவன் பிறந்துட்டானா? சுனாமிக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள், வயது தானே கிடைக்கும். "தூக்கத்துலயே போயிட்டார்", "வாயுப் பிடிப்புன்னு சொன்னாங்க" என்பவற்றையும் விடாமல் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

ரத்தப் பரிசோதனை

லிப்பிட் புரொஃபைல் என்னும் ரத்தக் கொழுப்புச் சோதனை எடுத்தால் கிடைக்கும் எண்களில், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல்-ஐ முதலில் பாருங்கள். பல லேப்கள் இதை நேராக அளப்பதில்லை, மொத்தக் கொழுப்பிலிருந்து எச்டிஎல்-ஐயும் (நல்ல கொழுப்பு), ட்ரைகிளிசரைடு என்னும் இன்னொரு வகைக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கின்றன. மொத்தம் 240, எச்டிஎல் 38, ட்ரைகிளிசரைடு 210 (எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) என்றால் எல்டிஎல் 240 − 38 − 42 = 160. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்ப முடியாது. அப்போது மொத்தத்திலிருந்து எச்டிஎல்-ஐ மட்டும் கழித்து வரும் எண்ணைப் பாருங்கள். அதற்கு வெறும் வயிறும் தேவையில்லை.

மாத்திரை எதுவும் எடுக்காத நிலையில் எல்டிஎல் 190 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதலில் தைராய்டைச் சோதிக்க வேண்டும், தைராய்டு குறைந்தாலும் இந்த எண் ஏறும். தைராய்டு சரியாக இருந்தால் பரம்பரை உயர்கொழுப்பு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. ரத்தத்திலிருந்து எல்டிஎல்-ஐ ஈரல் உள்ளிழுத்துக்கொள்ள ஒரு வாங்கி (ரிசெப்டர் என்னும் புரதம்) வேண்டும், அதற்கான மரபணு பழுதாகியிருப்பதே பெரும்பாலும் காரணம். அந்த வாங்கியைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் அடையாளம் சிலருக்குக் காலிலேயே தெரியும். குதிகாலுக்கு மேலே கணுக்காலின் பின்பக்கம் விறைப்பாக ஓடும் தசைநாணை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். ஓரங்கள் கூர்மையாக, இரு பக்கமும் குழிந்து கயிறு மாதிரி இருக்க வேண்டும். தடித்து, முண்டும் முடிச்சுமாக, பக்கக்குழி தெரியாமல் இருந்தால் அங்கே கொழுப்பு படிந்திருக்கலாம். கை விரல் முட்டிகளின் மேல் தசைநாணோடு நகரும் கட்டிகளும், 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையமும் அதே ரகம். இவை எதுவும் இல்லாததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

இன்னொரு பரிசோதனை லிப்போபுரோட்டீன்-ஏ, எல்டிஎல் போலவே ரத்தத்தில் கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு துகள். இதன் அளவைப் பெரும்பாலும் மரபணுவே தீர்மானிப்பதால், வாழ்நாளில் ஒருமுறை எடுத்தால் பெரும்பாலோருக்குப் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடும். அப்போலிப்போபுரோட்டீன் ஏ-1 என்பது வேறு சோதனை, பெயர் ஒன்றுபோல் இருப்பதால் சீட்டில் மாறிவிடும். சரிபார்த்துக் கொடுங்கள்.

காய்ச்சலின்போதும் அட்டாக் வந்த சில நாட்களுக்குப் பிறகும் எல்டிஎல் இறங்கியிருக்கும், கர்ப்பத்தில் ஏறியிருக்கும். அப்போது எடுத்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பிரஷரும் இடுப்பும்

பாத்ரூம் போய்விட்டு வந்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். முந்தைய அரை மணி நேரத்தில் டீ, காபி, புகை கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தடவை, ஏழு நாள் எடுத்து, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐ எட்டினால் மருத்துவரிடம் போக வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

இடுப்பைப் பேண்ட் போடும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு எல்லை ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர்.

பழக்கங்களால் எது மாறும், எது மாறாது

55,000 பேருக்கு மேல் பார்த்து 2016-ல் வெளியான ஆய்வில், மரபணு ஆபத்து அதிகம் இருந்தவர்களிலும் புகைக்காமல், உடல் பருக்காமல், உடற்பயிற்சியோடும் நல்ல உணவோடும் வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. அது பல மரபணுக்கள் சிறுகச் சிறுகச் சேர்ந்து தரும் ஆபத்து. எல்டிஎல் 190-ஐத் தாண்டிய பரம்பரை நோயோ நடைக்கும் பத்தியத்துக்கும் மட்டும் இறங்கி வராது, அதற்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டும். எண் இறங்கியதும் "சரியாயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. நிறுத்திய சில வாரங்களில் எல்டிஎல் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

புகையிலையை மெல்லுவது உட்பட முழுதாக விட வேண்டும், தினம் ஒன்று என்பதும் கூடாது. உப்புக்கு எளிய கணக்கு உண்டு. ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே என்றால், நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடைச் சாப்பாடு இருந்தால் இன்னும் அதிக நாள். ட்ரைகிளிசரைடு ஏறி எச்டிஎல் குறைந்திருக்கிறது என்றால் எண்ணெயை மட்டும் குறைத்துப் பயனில்லை. சோற்றின் அளவு, சர்க்கரை, மது மூன்றையும் குறைக்க வேண்டும். வாரம் 150 நிமிடம் வேக நடை: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

குழந்தைகளும் வெளிநாட்டு உறவுகளும்

ஒருவருக்குப் பரம்பரை உயர்கொழுப்பு உறுதியானால், உடன்பிறந்தவர், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பிள்ளைகளைப் பத்து வயதுக்குள் சோதித்துவிடுங்கள். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்தவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் இரட்டைப் பழுது சேரும். அந்தப் பிள்ளைக்கு எல்டிஎல் 400-க்கு மேல் போகலாம், முழங்கை முழங்காலில் மஞ்சள் கட்டிகள் தோன்றலாம், இருபது வயதுக்குள் அட்டாக்கே வரலாம். அந்தக் கட்டியைத் தோல் வியாதி என்று களிம்பு போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

தாளைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும்போது அலகையும் சேர்த்து எழுதுங்கள். கனடா, லண்டன், ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களின் ரிப்போர்ட் மில்லிமோலில் வரும். கொழுப்பு எண்ணை 38.67-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கு கிடைக்கும், ட்ரைகிளிசரைடுக்கு 88.6. "அக்காவுக்கு வெறும் 4.9 தான்" என்றால் அது 190.