நத்தாருக்கு வன்னித் தேனில் ஸ்த்ரூஃபொலி

இத்தாலியின் நாப்போலியில் நத்தாருக்கு வீட்டுக்கு வீடு செய்யும் தேன் பலகாரம் ஸ்த்ரூஃபொலி. பொரிக்கிற பலகாரம் என்பதால் போறணை வேண்டாம், தாச்சி போதும். பிழை வருவது பெரும்பாலும் தேனில்தான்.

மாவுக்கு 400 கிராம் கோதுமை மா, 3 முட்டை, ஒரு மஞ்சட்கரு, 50 கிராம் சீனி, 60 கிராம் பட்டர், சிட்டிகை உப்பு, இரண்டு தேசிக்காயின் துருவிய தோல். பச்சைத் தோல் மட்டும், வெள்ளை கசக்கும். ஊர்க்கோழி முட்டையென்றால் 4 போடுங்கள். நாப்போலியில் சோம்பு மணக்கும் மது விடுவார்கள். இங்கே ஒரு மேசைக்கரண்டி சாராயமும் அரைத் தேக்கரண்டி இடித்த பெருஞ்சீரகமும் போதும்.

பிசைந்து, மூடி, அரை மணித்தியாலம் வையுங்கள். அவசரப்பட்டால் உருட்ட உருட்ட மா சுருங்கும். சின்னவிரலிலும் மெல்லிய திரியாக்கிக் கடலையளவில் வெட்டுங்கள். பொரியும்போது ஊதும், பெரிதாக வெட்டினால் வெளியே சிவந்து உள்ளே வேகாது. வெட்டியதை அரிதட்டில் போட்டு உதறுவது முக்கியம். ஒட்டியிருக்கும் மா எண்ணெயில் கருகி, அடுத்துப் போடுவதெல்லாம் கசக்கும்.

எண்ணெய் 170 பாகை. ஒரு துண்டைப் போட்டால் உடனே நுரைத்து மேலே வரவேண்டும். கீழேயே கிடந்தால் சூடு போதாது, எண்ணெய் குடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இளம்பொன்னிறத்தில் எடுங்கள். விறகடுப்பென்றால் கொள்ளியை இழுத்துவிட ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

இனித் தேன், 300 கிராம். காட்டுத் தேன் பெரும்பாலும் தண்ணீர்ப் பதமாக இருக்கும். அப்படியே ஊற்றினால் உருண்டை நீரை உறிஞ்சி நமத்துப்போகும், மார்கழி மழைக் காற்றில் இன்னும் கெதியாக. 50 கிராம் சீனி சேர்த்து, ஆழமான சட்டியில் இளந்தணலில் காய்ச்சுங்கள். பொங்கும், விட்டுவிட்டுப் போகாதீர்கள். தட்டில் விட்ட துளி ஓடாமல் நின்றால் இறக்குங்கள். அதற்கு மேல் காய்ச்சினால் ஆறியதும் பல்லுடைக்கும்.

உருண்டைகளைக் கொட்டிக் கிளறி, தேன் அடியில் தேங்காமல் ஒட்டும்வரை பொறுங்கள். தட்டின் நடுவில் ஒரு கிளாஸைக் கவிழ்த்து, ஈரக் கையால் சுற்றி வளையமாக அடுக்கி, ஆறியபின் கிளாஸை எடுக்கலாம். மேலே நிறச் சீனி மணிகளோடு, கேக்குக்கு வாங்கிய பூசணித் தோசியையும் நறுக்கித் தூவுங்கள்; சீனியில் ஊறிய பூசணி நாப்போலியிலும் உண்டு.

பொரித்த உருண்டை காற்றுப்புகாத தகரத்தில் இரண்டு நாள் இருக்கும். தேனை 24ஆம் திகதி சேர்த்தால் போதும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது, காய்ச்சினாலும்.