மேக்ரோ ஏன் நிற்கவில்லை? எக்செல் விபிஏயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்தார். "அண்ணா, மேக்ரோ தப்பான தொகையைத் தருகிறது. ஆனால் டீபக்கர் எங்கேயும் நிற்கவில்லை. எக்செல்லை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார். மேக்ரோ என்பது எக்செல் வேலையைத் தானாகச் செய்ய விபிஏ மொழியில் எழுதும் நிரல்; டீபக்கர் என்பது பிழை வந்த வரியில் அதை நிறுத்திக் காட்டும் கருவி. நிரலைத் திறந்தேன். முதல் வரியிலேயே பழகிய முகம்: ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்.

மாறியின் (மதிப்பை வைத்திருக்கும் இடம்) பெயரைத் தப்பாக அடிப்பது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே சொல்லப்போவதில்லை. நிரலின் தலையில் எழுதும் ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட் என்ற வரி அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

வாயை அடைத்துவிட்டு, ஏன் பேசவில்லை என்று கேட்பது

பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்பதுதான் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் என்ற வரியின் பொருள். பிழைச் செய்தி தொல்லையாக இருக்கிறது என்று நானும் ஒரு காலத்தில் எல்லா மேக்ரோவின் தலையிலும் இதை ஒட்டிவைத்தேன்.

ஒரு சிறிய நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் அது என்னைப் பிடித்தது. ஊழியர் எண்ணை வைத்து இன்னொரு ஷீட்டில் கடன் பிடித்தத்தைத் தேடி, ஒரு மாறியில் வாங்கி, பட்டியலில் எழுத வேண்டும். கடன் இல்லாதவர்களின் எண் அந்த ஷீட்டில் இருக்காது. ஒர்க்‌ஷீட்ஃபங்ஷன் வழியாக வீலுக்கப்பை (பட்டியலில் தேடித் தரும் ஃபங்ஷன்) அழைத்தால், எண் கிடைக்காதபோது 1004 என்ற பிழை எழும். எழுந்தது, விழுங்கப்பட்டது. தேடிய வரி மாறிக்குள் எதையும் போடாததால், முந்தைய ஊழியரின் தொகை அதில் அப்படியே உட்கார்ந்திருந்தது. 117ஆம் எண்காரர் வாங்கிய கடனுக்கு 118ஆம் எண்காரரின் சம்பளத்திலும் பிடித்தம்! பூஜ்யமோ பிழைக்குறியோ வந்திருந்தால் அன்றே கண்ணில் பட்டிருக்கும். நம்பும்படியான தொகை என்பதால் மூன்று மாதம் ஓடியது. "சார், நான் கடனே வாங்கவில்லையே" என்று அவர் சம்பளச் சீட்டை நீட்டியபோதுதான் எனக்கு உறைத்தது.

கேடு அந்த ஒரு செயல்முறையோடு (நிரலின் ஒரு தனிப் பகுதி) முடிவதில்லை. அங்கிருந்து அழைக்கும் செயல்முறைக்குத் தனியாகப் பிழை கையாளும் ஏற்பாடு இல்லையென்றால், அதில் வரும் பிழையும் இங்கேதான் வந்து விழும். அதன் மீதி வரிகள் ஓடாமலே போகும். பாதி வேலை நடந்திருக்கும், எந்தப் பாதி என்று தெரியாது.

தவிர்க்க முடியாத இடத்தில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் இதைப் பயன்படுத்தி, உடனே ஆன் எரர் கோடூ 0 (பிழையை விழுங்குவதை நிறுத்தும் வரி) போட்டு மூடுங்கள். தேடலுக்கு அதுவும் தேவையில்லை. அப்ளிகேஷன் புள்ளி வீலுக்கப் என்று நேரடியாக அழைத்து, விடையை வேரியன்ட் மாறியில் (எந்த வகை மதிப்பையும் ஏற்பது) வாங்கி, அது பிழையா என்று இஸ்எரர் கொண்டு சோதித்தால் போதும்.

அமைப்பைப் பார்க்காமல் நிரலைக் குதறுவது

விபிஏ எடிட்டரில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரல். அங்கே எரர் டிராப்பிங் என்ற தலைப்பின்கீழ் மூன்று தேர்வுகள் உண்டு. வழக்கமாக இருப்பது பிரேக் ஆன் அன்ஹேண்டில்ட் எரர்ஸ். அதை பிரேக் ஆன் ஆல் எரர்ஸ் என்று மாற்றினால் விழுங்கப்படும் பிழையிலும் டீபக்கர் நிற்கும். தம்பியின் மேக்ரோவை அப்படி ஓட்டினேன். ஒன்பதாவது வரியில் மஞ்சள் பட்டையோடு நின்றது. வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். இது ஒரு கோப்புக்கான அமைப்பன்று. மறந்தால் உங்கள் கணினியில் எல்லா மேக்ரோவும், தெரிந்தே தாண்டவிட்ட பிழையில்கூட, நின்று நின்று போகும்.

ஷோ வரியைக் குற்றம் சொல்வது

யூசர்ஃபார்மைத் (நாமே வடிவமைக்கும் உரையாடல் பெட்டி) திறக்கும் ஷோ வரி மஞ்சளானால், பிழை பெரும்பாலும் ஃபார்முக்குள் இருக்கிறது. அதே எரர் டிராப்பிங்கில் பிரேக் இன் கிளாஸ் மாட்யூலைத் தேர்ந்தால் உண்மையான வரிக்கே கொண்டுபோய் விடும். இது தெரியாமல் ஷோ வரியையே பத்து விதமாக மாற்றி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செல்லிலிருந்து அழைக்கும் ஃபங்ஷன்

பிழைச் செய்தி வராது, செல்லில் #வேல்யூ! மட்டும் வரும். ஃபங்ஷனின் முதல் வரியில் எஃப்9 அழுத்தி பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்கும் இடம்) வையுங்கள், பிறகு எஃப்8 அழுத்தி வரிவரியாக ஓட்டுங்கள்.

நேற்று வைத்த பிரேக்பாயிண்ட்

கோப்பை மூடினால் போய்விடும். அதற்குப் பதில் நிரலில் அந்த இடத்தில் ஸ்டாப் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். பிறருக்கு அனுப்புமுன் நீக்குங்கள்.

ஈவன்ட் நிரல் ஓடவே இல்லை

எனேபிள்ஈவன்ட்ஸை (செல் மாறுவது போன்ற நிகழ்வில் நிரலைத் தானாக ஓடவிடும் அமைப்பு) ஃபால்ஸ் ஆக்கிவிட்டு மேக்ரோ பாதியில் செத்திருக்கும். விபிஏ எடிட்டரின் இமீடியட் விண்டோவில் (ஒற்றை வரியை உடனே ஓட்டும் பெட்டி) அதை ட்ரூ ஆக்குங்கள்.