ரிசல்ட் வருவதற்கு முன்னாடியே கல்லூரியைப் பார்த்துவிடுங்கள்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிறு, எந்தத் தனியார் பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்தாலும் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரிதான் இருக்கும். வாசலிலேயே வரவேற்பு, ஏசி அரங்கம், கையில் ஒரு பை. படிக்கிற பிள்ளைகளைத்தான் காணமுடியாது, அவர்கள் செமஸ்டர் பரீட்சையிலோ லீவிலோ இருப்பார்கள். என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு நான் போனதும் அப்படி ஒரு நாளில்தான். லேபில் மெஷின்கள் எல்லாம் பளபளவென்று இருந்தன, கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்றில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை. கிளம்பும்போது 'அட்வான்ஸ் கட்டினால் சீட் பிளாக் பண்ணிடலாம் சார்' என்றார்கள்.

சரி, எப்போதுதான் போவது? என்னைக் கேட்டால் பிளஸ் ஒன் பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரல் தொடக்கத்தில், ஒரு வேலை நாளில். பிள்ளைக்கு லீவு, கல்லூரியில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். முதல் நாளே ஆபீசுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வாட்ச்மேனிடம் அரை மணி நேரம் போகும். கல்லூரியைத் தேர்வு செய்ய வேண்டிய அவசரம் இப்போது இல்லை, மெக்கானிக்கல் லேப் எப்படி இருக்கும், இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தால் போதும். மதியம் வரை இருந்து கேன்டீனிலோ வாசல் டீக்கடையிலோ மூன்றாம் வருடப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுங்கள். பிளக்ஸில் சிரிக்கிற பிளேஸ்மென்ட் எண்ணிக்கையில் ஒரே பையன் மூன்று கம்பெனி ஆஃபர் வாங்கி மூன்று பேராக எண்ணப்பட்டிருக்கலாம், அதையெல்லாம் அங்கேதான் சொல்வார்கள்.

வழிகாட்டிக் கூட்டங்கள் தனிக் கதை. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான் முதல்வன் திட்டத்தில் நடக்கும் கல்லூரிக் கனவு நல்ல நிகழ்ச்சி, கட்டாயம் போங்கள். ஆனால் ஐஐடி, என்ஐடி, தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்று மனதில் இருந்தால் பிளஸ் டூ முடிகிறவரை காத்திருந்தால் பஸ் போய்விடும். ஐஐடி, என்ஐடிக்கான ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வின் முதல் கட்டம் ஜனவரியிலேயே நடந்துவிடுகிறது, விண்ணப்பம் அதற்கும் முன்னால். சட்டப் பல்கலைக்கழகத்துக்கான கிளாட் நுழைவுத் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடும். இந்த மாதிரிக் கூட்டங்களுக்கு பிளஸ் ஒன்னிலேயே, ரொம்பத் தாமதம் என்றால் பிளஸ் டூ தொடங்கிய ஜூன், ஜூலையில் போய்விட வேண்டும். பிளஸ் டூ அரையாண்டுக்கு அப்புறம் எங்கேயும் அலைய வேண்டாம், உட்கார்ந்து படிக்கட்டும்.

கடைசியாக ஒரு தடவை கல்லூரி பார்க்கப் போவது, தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங் ரேங்க் லிஸ்ட் வந்த பிறகு. கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்கு உங்கள் கட்-ஆஃப் கையில் இருக்கும். போன வருடம் உங்கள் சமூகப் பிரிவில் எந்தக் கல்லூரி எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்று பார்த்து, கிடைக்கக்கூடிய மூன்று நான்கை மட்டும் நேரில் பாருங்கள். கவுன்சலிங்கில் உங்கள் ரவுண்டு திறந்துவிட்டால் விருப்பப் பட்டியல் போடச் சில நாள்தான் தருவார்கள், அதற்குள் ஊர் ஊராகச் சுற்ற முடியாது. இந்தத் தடவை பார்க்க வேண்டியது ஹாஸ்டல் பாத்ரூம், மெஸ் சாப்பாடு, கல்லூரி பஸ் உங்கள் ஸ்டாப்புக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்பது. ஆறேகாலுக்கு பஸ் என்றால் நான்கு வருடமும் பிள்ளை ஐந்து மணிக்கு எழுந்தாக வேண்டும், அம்மா அதற்கும் முன்னால்.

போகும்போது ஜெராக்ஸ் மட்டும் எடுத்துப் போங்கள். ஒரிஜினல் டிசியும் மார்க் ஷீட்டும் பீரோவிலேயே இருக்கட்டும்.