ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு நிதி: புதிதாக வந்த குடும்பங்களுக்கு

வீட்டில் மாற்றுத்திறன் உள்ள பிள்ளையோ பெரியவரோ இருந்தால், இங்கே வந்திறங்கியதும் எல்லோரும் கேட்கும் கேள்வி "அரசாங்கம் எவ்வளவு காசு தரும்?" என்பதுதான். அதைவிட முதலில் கேட்க வேண்டியது, எந்தக் காசு என்பது. இங்கே அது இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் அலுவலகம் வேறு, விதி வேறு, காத்திருக்கும் காலமும் வேறு.

ஒன்று என்டிஐஎஸ் (NDIS), அதாவது தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டம். 2013இல் சட்டமான இந்தத் திட்டத்தில் உங்கள் வருமானத்தையோ சொத்தையோ பார்ப்பதில்லை. கிடைக்கும் நிதிக்கு வரியும் இல்லை. ஆனால் அது வீட்டுச் செலவுக்கான பணம் அல்ல. பேச்சுப் பயிற்சி, சக்கர நாற்காலி, குளிக்கவும் உடுத்தவும் உதவும் பணியாளர் என்று தேவைக்கென ஒதுக்கப்படும் தொகை. வாடகை, மளிகை, ஊர்ப்பயணம் எதற்கும் அதைத் தொட முடியாது. மற்றது அரசு உதவித்தொகைகளைக் கொடுக்கும் சென்டர்லிங்க். பென்ஷன், பராமரிப்பாளர் தொகை என்று உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும் பணம் அங்கிருந்துதான்.

என்டிஐஎஸ் பெற நிரந்தர விசாவோ குடியுரிமையோ வேண்டும். நியூசிலாந்து குடிமக்களில் சிலருக்கும் உண்டு. மாணவர் விசா, வேலை விசா, அடுத்த விசா முடிவாகும் வரை தரும் பிரிட்ஜிங் விசா ஆகியவற்றில் இருப்பவர்களுக்குக் கிடையாது. அகதித் தஞ்சம் கோரி வந்து, பல வருடங்கள் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த ஈழத்தமிழர்கள் பலருக்கு 2023 முதல் 851 என்ற நிரந்தர விசா கிடைத்திருக்கிறது. அவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதைத் தெரிந்தவர்களிடம் சொல்லிவையுங்கள். நிரந்தர விசா கையில் இருந்தால் காத்திருப்புக் காலம் எதுவும் இல்லை. விண்ணப்பிக்கும்போது 65 வயதுக்குள் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட அப்பா அம்மாவுக்கு வயது தாண்டிவிட்டால், அவர்கள் போக வேண்டிய இடம் முதியோர் பராமரிப்புக்கான அரசு சேவையான மை ஏஜ்ட் கேர் (1800 200 422).

தற்போதைய விதிப்படி 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இதிலேயே தனி வழி இருக்கிறது. 6 வயதுக்குள் வளர்ச்சித் தாமதம் தெரிந்தால், நோயின் பெயர் உறுதியாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை. "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள். நிபுணரைப் பார்க்கத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) கேட்டு நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டம் ஒன்று போட்டுக்கொண்டால், தகுதி இருப்பவர்களுக்கு வருடத்தில் 5 முறை தெரபிஸ்டைப் பார்க்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் ஒரு பங்கு தரும். அதுவரைக்கும் அது கொஞ்சம் கைகொடுக்கும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். பெரும்பாலோர் இடறுவது இங்கேதான். டாக்டர் கடிதத்தில் நோயின் பெயர் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். அவர்கள் பார்ப்பது நோயின் பெயரை மட்டுமல்ல, அதனால் அன்றாடம் என்ன செய்ய முடியவில்லை என்பதை. பேசிப் புரியவைப்பது, மற்றவர்களோடு பழகுவது, கற்றுக்கொள்வது, நடமாடுவது, தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, தன் காரியங்களைத் தானே முடிவு செய்து நடத்துவது ஆகிய ஆறு அம்சங்களில்தான் கேள்வி வரும். "ஆட்டிசம் உள்ளது" என்ற வரியைவிட, "பல் துலக்க ஒவ்வொரு அடிக்கும் ஒருவர் கூட நின்று சொல்ல வேண்டும், சாலையில் கையை விட்டால் ஓடிவிடுவான், இரவில் இரண்டு மூன்று முறை எழுந்துவிடுவான்" என்று தெரபிஸ்ட் எழுதும் அறிக்கைக்குத்தான் எடை அதிகம். டாக்டரைப் பார்க்கப் போகுமுன் ஒரு வாரம் இப்படிக் குறித்துவைத்துக்கொண்டு போங்கள். அந்தத் தாளே பாதி வேலையை முடித்துவிடும்.

இன்னொன்று, நம் ஆட்களுக்கென்றே சொல்ல வேண்டியது. அதிகாரி "பையன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டதும் "பரவாயில்லை, நல்லா இருக்கான்" என்று வாயில் வந்துவிடும். வெளியாள் முன்னால் வீட்டுக் கஷ்டத்தைப் பேசுவது நமக்குப் பழக்கமில்லை. ஆனால் அந்தப் பதிலும் குறிப்பில் ஏறும், ஒதுக்கும் தொகையும் அதற்கேற்பவே இருக்கும். மிகைப்படுத்த வேண்டாம், மோசமான நாள் எப்படி இருக்கும் என்பதை உள்ளபடி சொன்னால் போதும். மொழிபெயர்ப்புக்கு மாமாவையோ மூத்த பிள்ளையையோ உட்காரவைக்காதீர்கள்; அவர்களும் பாதியை விழுங்கிவிடுவார்கள். அரசு மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 என்ற எண்ணில் தமிழ் வேண்டும் என்று சொல்லி, என்டிஐஎஸ் எண்ணான 1800 800 110க்கு இணைக்கச் சொன்னால் மொழிபெயர்ப்பாளர் இலவசம்.

விண்ணப்பம் முழுமையாகப் போய்ச் சேர்ந்தால் 21 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஏற்றுக்கொண்டால் பிறகு எந்தத் தேவைக்கு எவ்வளவு என்று பிளான் போடுவார்கள். அதில் உள்ள பணத்தை யார் நிர்வகிப்பது என்று அப்போது கேட்பார்கள். மூன்று வழி உண்டு. திட்டத்தை நடத்தும் அரசு அமைப்பான என்டிஐஏ நிர்வகித்தால் பதிவுபெற்ற நிறுவனங்களிடம் மட்டுமே சேவை வாங்கலாம். நீங்களே நிர்வகித்தால் யாரிடமும் வாங்கலாம், விலையும் பேசலாம், ஆனால் ஒவ்வொரு இன்வாய்ஸையும் 5 வருடம் வைத்திருக்க வேண்டும். நடுவில் உள்ளது பிளான் மேனேஜர் வழி: பில் கட்டுவது, கணக்கு வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு, அவருக்கான கட்டணமும் தனியாகவே வரும், உங்கள் பயிற்சிப் பணத்தில் கைவைக்காது. ஊரும் முறையும் பழகாத முதல் பிளானுக்கு இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

பேச்சுப் பயிற்சிக்கு 2025-26 விலைப்பட்டியலில் மணிக்கு உச்சவரம்பு 193.99 டாலர். பயிற்சி நேரம் மட்டும்தான் கணக்கு என்று நினைக்காதீர்கள். அறிக்கை எழுதும் நேரத்துக்கும் பில் வரும். ஆறு மணி நேரம் என்று போட்டால் 1,160 டாலருக்கு மேல் போய்விடும். வீட்டுக்கு வந்து போகும் நேரமும் சேரலாம், கடைசி நேரத்தில் ரத்து செய்தால் அதற்கும் கட்டணம் இருக்கலாம். இதையெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். "நம்ம தமிழ் ஆள்தானே" என்று படிக்காமல் போடாதீர்கள். வராத நாளுக்கு பில் போடுகிறவர்களும், "எங்களிடம் சேர்ந்தால் ஒரு பங்கைக் கையில் தருகிறோம்" என்கிறவர்களும் எல்லாச் சமூகத்திலும் உண்டு. இரண்டாமவர் பக்கமே போகாதீர்கள். அது மோசடி, பெயர் உங்களுடையதும் சேர்ந்தே கெடும். மாதாமாதம் வரும் கணக்கை நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிளான் முடியும்போது மிச்சமிருக்கும் பணம் பொதுவாக அடுத்த பிளானுக்குச் சேராது. அதனால் சிக்கனம் பிடிக்கிறேன் என்று பயிற்சியைக் குறைப்பதிலும் லாபமில்லை.

அம்மாவோ மனைவியோ வேலையை விட்டுப் பார்த்துக்கொள்கிறார், அவருக்கு என்டிஐஎஸ் சம்பளம் தராதா என்று கேட்பார்கள். பொதுவாகக் குடும்பத்தினருக்குத் தராது. அதற்கு சென்டர்லிங்க்தான். அங்கே புதிதாக வந்தவர்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கிறது: பராமரிப்பவருக்கான கூடுதல் தொகையான கேரர் அலவன்ஸுக்கு 1 வருடம், பராமரிப்பதால் வேலைக்குப் போக முடியாதவருக்கான கேரர் பேமென்ட்டுக்கு 4 வருடம். அகதி, மனிதாபிமான விசாவில் வந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அலவன்ஸுக்குச் சொத்து பார்ப்பதில்லை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 250,000 டாலருக்குள் இருந்தால் போதும்; ஜூலையில் 600 டாலர் கூடுதலாகவும் வரும். பேமென்ட்டுக்கு வருமானம், சொத்து இரண்டையும் பார்ப்பார்கள். டிஸபிலிட்டி பென்ஷனுக்குப் பொதுவாக 10 வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும். அகதிகளுக்கும், இங்கே குடியேறிய பிறகு வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கும் விலக்கு உண்டு. இந்த விலக்கு பலருக்குத் தெரியாது. விபத்தோ பக்கவாதமோ வந்த தேதியைக் காட்டும் ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள். இந்தப் பென்ஷன் வாங்குபவர் 12 மாதத்தில் 28 நாளுக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால் பணம் நின்றுவிடக்கூடும், கிளம்புமுன் சொல்லிவிட்டுப் போங்கள். சென்டர்லிங்கோடு தமிழில் பேச 131 202.

என்டிஐஎஸ் மறுத்தாலோ குறைத்துத் தந்தாலோ, முடிவுக் கடிதம் வந்த 3 மாதத்துக்குள் உள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் திருப்தியில்லை என்றால் 28 நாட்களுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள் என்று கடிதத்தில் பார்த்து, அந்தக் குறையைத் தீர்க்கும் புதிய அறிக்கை ஒன்றோடு போங்கள். தெரபிஸ்ட் அதை எழுதித் தர வாரங்கள் ஆகும், அதனால் கடிதம் வந்த அன்றே அவருக்கு போன் போட்டுவிடுங்கள்.