ஏரிப் பாறையில் மோதிய பாய்க்கப்பலின் கதையைத் தேடிப் பிடிப்பது எப்படி

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே கிடக்கும் பேரேரிகளில் உடைந்த ஸ்கூனர் (இரண்டோ அதற்கு மேலோ பாய்மரங்கள் கொண்ட பாய்க்கப்பல்) ஒன்றைப் பற்றித் தேட உட்கார்ந்தால், அது உண்மையிலேயே தொலைந்ததா என்று முதலில் பாருங்கள். பழைய நாளிதழில் ‘முழு நஷ்டம்’ என்று போட்டிருப்பார்கள், அடுத்த வாரமே இழுவைக் கப்பல் வந்து, பாதிச் சரக்கை ஏரியில் தள்ளி எடையைக் குறைத்து, பாறையிலிருந்து கப்பலை உருவிக்கொண்டு போயிருக்கும். அதனால் விபத்துச் செய்தியோடு நிறுத்தாமல் அடுத்த சில வாரத்து இதழ்களையும் புரட்டுங்கள். ஒன்டாரியோவின் டோபர்மோரியில் கிடக்கும் ஸ்வீப்ஸ்டேக்ஸையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1867-ல் கட்டியது. 1885-ல் கோவ் தீவுக்குப் பக்கத்தில் அடிபட்டு, பிக் டப் துறைக்கு இழுத்து வந்த பிறகு அங்கே மூழ்கியது. அடிபட்டது ஓரிடம், மரம் கிடப்பது வேறிடம்.

அப்புறம் பெயர். ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடின, அதனால் பெயரை நம்பாதீர்கள். அமெரிக்கக் கப்பல் என்றால் 1860-களின் பிற்பகுதியிலிருந்து ஆளுக்கொரு அதிகாரப்பூர்வ எண் உண்டு, தளத்தின் முக்கிய உத்தரத்தில் அதைச் செதுக்க வேண்டும் என்பது விதி. வருடாந்திர வணிகக் கப்பல் பட்டியலில் அந்த எண் எப்போது காணாமல் போகிறது என்று பாருங்கள், ஆனால் ஒரே வருடத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

சரி, ஏன் மோதியது? எடுத்தவுடனே புயல் மேல் பழி போடாதீர்கள். அங்கே அப்போது கலங்கரை விளக்கம் இருந்ததா என்று கேளுங்கள். ஹூரான் ஏரியின் ஸ்பெக்டக்கிள் ரீஃப் என்ற பாறைத்திட்டில் 1867-ல் இரண்டு ஸ்கூனர்கள் உடைந்தன, விளக்கு எரிந்தது 1874-ல்தான். 1871 இலையுதிர் காலம் என்றால் காட்டுத்தீயின் புகை கரையையே மறைத்திருக்கலாம். நவம்பர் என்றால் பனிப்பொழிவையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

தண்ணீருக்குள் இறங்குபவர்களுக்கு ஒன்று. ஆழத்தில் மூழ்கிய கப்பல் சில சமயம் பாய்மரத்தோடு நிற்கும், ஆனால் ஆழமில்லாத பாறைத்திட்டில் அலையும் குளிர்காலப் பனிக்கட்டியும் சேர்ந்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். கிடைப்பது அடித்தளமும், பக்கவாட்டில் சாய்ந்த விலா மரங்களும்தான். நன்னீரில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழு கிடையாது, தண்ணீரும் குளிர்ச்சி, அதனால் மரம் அதிசயமாகத் தாங்கும். ஆனால் இப்போது வெளியிலிருந்து வந்து பரவிய குவாகா என்ற சின்னச் சிப்பிகள் அதை மூடிக்கொண்டிருக்கும், சுரண்டிப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும், வேண்டாம். அமெரிக்காவில் 1987 சட்டப்படி மாநில நீரில் புதைந்து கிடக்கும் கைவிடப்பட்ட கப்பல்கள் அந்தந்த மாநிலத்துக்குச் சொந்தம், ஒரு ஆணியைக்கூட எடுக்காதீர்கள்.

நடுவில் நீளமான மரப்பெட்டி போல ஒன்று தெரிந்தால், கப்பல் பக்கவாட்டில் நழுவாமலிருக்க அடியில் தண்ணீருக்குள் இறக்கி, வேண்டாதபோது ஏற்றும் நடுப்பலகைக்கான கூடு அது, ஏரி ஸ்கூனர்களில் அடிக்கடி காணும் அடையாளம். நீள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 140 அடிக்கு 26 அடி என்று வந்தால், 150 அடிக்கு 26½ அடி இருந்த பழைய வெல்லண்ட் கால்வாயின் (ஈரி, ஒன்டாரியோ ஏரிகளை இணைப்பது) பூட்டில், அதாவது நீர்மட்டத்தை மாற்றிக் கப்பலை ஏற்றி இறக்கும் அடைப்பில், நுழைவதற்கென்றே கட்டிய கப்பலாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த அளவைப் பதிவு ஆவணத்தோடு ஒப்பிடும்போது, உடைந்து பரவிய அடித்தளம் உண்மையான அகலத்தைவிட அதிகம் காட்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள், நீளத்தை நம்புங்கள்.